பதில் கிடைத்ததாகக் கருதப்படும்

திண்டுக்கல் வட்டார வேதிப் பொறியாளர் மன்றம் மாதத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுகிறது. சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அறிவியல் கேட்கிறது. மன்றத்தின் சட்டதிட்டத்தில் இதைத் திருப்பிப் போட்டு, அறிவியல் கேட்கக் கூடுவதாகவும், கேட்ட களைப்புத் தீர இரவு உணவு வழங்கப்படும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் நல்ல மனுஷர்கள். பழனி சாலை ஹோட்டலில் சீரகச் சம்பா பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு, பக்கத்து ஹாலில் அறிவியல் பேசினால் எது ஜெயிக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

உறுப்பினர்கள் எண்பது பேர் தேறுவார்கள். எல்லாரும் ஒரு காலத்தில் வேதிப் பொறியியல் படித்தவர்கள்தான், பொய் சொல்லக் கூடாது. அதற்கப்புறம் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டினார். ஒருவர் ஆயுள் காப்பீட்டில் இறங்கினார். வத்தலக்குண்டு சாலையில் நிலம் வாங்கி மனை போட்டவர்கள் சிலர். மிச்சமுள்ளவர்கள் ஆலைகளில் படிப்படியாக உயர்ந்து, இனிமேல் ஆலைக்குள் போகத் தேவையில்லை என்ற நிலையை எட்டியவர்கள். மாதம் ஒருநாள் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு உட்கார்ந்தால்தான் இவர்களுக்குத் தாங்கள் என்ன படித்தோம் என்பது நினைவுக்கு வரும். அந்த வகையில் மன்றம் ஒரு சேவைதான்.

இந்த மன்றத்தில் பேச அன்புக்கரசியைக் கூப்பிட்டார்கள்.

அன்புக்கரசி கன்னிவாடிப் பெண். அப்பாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம், அதில் கொஞ்சம் மல்லிகை. ஊரை விட்டு வந்து திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பூவையும் காய்கறியையும் பிளாஸ்டிக் பையில் கட்டுகிறார்களே, அதற்குப் பதிலாகப் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சி, கிளிசரின் சேர்த்து, தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் வரும். அதில் கட்டினால் என்ன என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஆரம்பத்தில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ஆய்வு. மூன்று பேருக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்து, பயிற்சிக்குச் சென்னைக்குப் போய்விட்டார்கள். குழுவுக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப்பில் ஆள் இருந்தார்கள், பேச்சு இல்லை. கடைசியாக ஒருத்தி, “ரிப்போர்ட்ல எங்க பேரு இருக்குல்லடி?” என்று கேட்டிருந்தாள். இருக்கிறது என்று இவள் பதில் போட்டதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது, அவ்வளவுதான்.

படலம் என்னவோ அழகாகத்தான் வந்தது. பூவைக் கட்டி வைத்தால் வாடாமல் தாங்கியது. ஆனால் ஒரு வாரம் பத்து நாள் போனதும் விரிசல் விட்டது. அதுவும் ஓரத்தில் இருந்து இல்லை, சரியாக நடுவில் இருந்து. கிளிசரினைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். வெயிலில் காயவைத்தாள், நிழலில் காயவைத்தாள். நடுவில் இருந்துதான் விட்டது. விரிசலைப் போட்டோ எடுத்து ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் முருகேசனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

“இந்த போட்டோவை ரிப்போர்ட்ல போட்டுறாதம்மா” என்றார். “முத நாள் போட்டோவைப் போடு.”

வெளியூர்ப் பேராசிரியர்கள் ரெண்டு பேருக்கு மின்னஞ்சல் எழுதினாள். ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவரிடமிருந்து, அவர் விடுப்பில் இருப்பதாக இயந்திரம் பதில் போட்டது. அன்புக்கரசிக்கு வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆய்வகத்தில் எல்லாரும் போன பிறகு, தட்டு தட்டாக வைத்திருந்த படலங்களின் முன்னால் உட்கார்ந்து, “ஏன்டி இப்படிப் பண்ற?” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒரு மனுஷியை இதற்கு மேல் தனியாக விடக் கூடாது.

அந்த நேரத்தில்தான் மன்றத்தின் அழைப்பு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மாணவர் ஆய்வு இரவு என்று நடத்துவார்களாம். அன்புக்கரசி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எண்பது வேதிப் பொறியாளர்கள் ஒரே ஹாலில். அவள் வயசைப் போல ரெண்டு மடங்கு அனுபவம் உள்ளவர்கள். எண்பது பேரில் ஒருத்தருக்குக்கூடவா இந்த விரிசலைப் பற்றித் தெரியாமல் போய்விடும்? பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். ஒரே ஒருவர், “இதனாலதாம்மா விரியுது” என்று சொல்லிவிட்டால் போதும்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னதாக மன்றச் செயலாளர் கஸ்பார் போன் செய்தார்.

“பாப்பா, கேள்வி மூணு அனுப்பி வச்சிரும்மா.”

“என்ன கேள்வி சார்?”

“நீ பேசி முடிச்ச பொறவு எங்க மெம்பர்ஸ் உன்கிட்ட கேக்கப் போற கேள்வி.”

“அத நானா சார் அனுப்பணும்?”

“பின்ன யாரு? உன் ஆராய்ச்சியப் பத்தி எங்களுக்கு என்னம்மா தெரியும்? பதிலையும் சேத்து அனுப்பிரு.”

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் உறுப்பினர் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சிறப்பு விருந்தினரிடம் நிஜமாகவே ஒரு கேள்வி கேட்டுவிட்டார். விருந்தினருக்குப் பதில் தெரியவில்லை. கேட்டவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குப் பேசி, அன்றைக்குப் பிரியாணி ஆறிப்போனது. அந்த விபத்துக்குப் பிறகு மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. கேள்விகளைப் பேச்சாளரே தருவார். செயலாளர் அதை மூப்பு அடிப்படையில் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். நன்றாகக் கேட்டவருக்குச் சிறந்த கேள்விக்கான பரிசும் உண்டு.

அன்புக்கரசி ரெண்டு கேள்விகளைப் பதிலோடு எழுதினாள். மூன்றாவதாக, ‘இந்தப் படலம் சில நாட்களில் நடுவிலிருந்து விரிசல் விடுவது ஏன்?’ என்று எழுதிவிட்டுப் பதிலுக்கான இடத்தைக் காலியாக விட்டாள். அவள் கேட்க வந்ததே அதுதானே. காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் எண்பது பேரில் யாருக்காவது மூளை அரிக்காதா என்று நினைத்தாள். கஸ்பார் காலி இடத்தைப் பொறுத்துக்கொள்கிற ஆள் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கூட்டத்தன்று விரிந்த படலம், விரியாத படலம் எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் தாள் தாளாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஹால் வாசலில் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மெம்பர், கெஸ்ட், ஸ்பௌஸ் என்று மூன்றே வகை. பேச வருகிற பெரியவர்களுக்கு கெஸ்ட். மாணவர்களுக்கு எது என்று சட்டதிட்டத்தில் இல்லை. கஸ்பார் செத்த நேரம் யோசித்தார்.

“கெஸ்ட் பேட்ஜ் போட்டா சால்வை போத்தணும்மா. சால்வை கணக்கா வாங்கியிருக்கு” என்று சொல்லி ஸ்பௌஸ் பேட்ஜை எடுத்துக் கொடுத்தார்.

“சார், நான் யாருக்கும் ஸ்பௌஸ் இல்லையே.”

“சும்மா குத்திக்கம்மா. சாப்பாட்டுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்ல.”

ஆகவே அன்புக்கரசி துணைவியாராக உள்ளே போனாள். துணைவியார்களுக்கு இடது பக்கம் ஒரு மேஜை. அங்கே உட்காரச் சொன்னார்கள். பேராசிரியர் முருகேசன் கெஸ்ட் பேட்ஜோடு முதல் வரிசையில் இருந்தார். இவளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் இவள் பேட்ஜையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“யாரு வீட்டுப் பிள்ள தாயி நீ? கல்யாணம் எப்ப ஆச்சு?”

“இல்லங்கம்மா. நான் பேச வந்திருக்கேன்.”

“அப்படியா” என்றவர் பிறகு ரகசியம் போலக் குனிந்து, “எங்க வீட்டுக்காரரு சோலைமலை. இன்னைக்கு அவருதான் கேள்வி கேக்கப் போறாரு. ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஏன் விரியுது, ஏன் விரியுதுன்னு. தூக்கத்துலயும் அதே பேச்சு” என்றார்.

அன்புக்கரசி நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் நகர்த்திக்கொண்டாள். தன் விரிசலைப் பற்றி இந்த ஊரில் இன்னொரு மனுஷனும் ரெண்டு நாளாகத் தூக்கத்தில்கூடப் பேசிக்கொண்டிருக்கிறார். “சார் என்ன நினைக்கிறாராம்மா? ஏன் விரியுதாம்?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் தெரியாது தாயி. ‘ஏன்’ங்கிற எடத்துல கைய எப்படித் தூக்குறதுன்னுதான் அவருக்குக் கவல.”

கூட்டம் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் மன்றத்தின் உறுதிமொழியை எல்லாரும் எழுந்து நின்று சொன்னார்கள். ‘ஐயம் அகற்றுவோம்’ என்று அது முடிந்தது. பிறகு கஸ்பார் எழுந்து, இன்றைய பேச்சாளரை அறிமுகம் செய்யவிருக்கும் முன்னாள் தலைவர் அய்யனாரை அறிமுகம் செய்தார். அய்யனார் பிறந்தது, படித்தது, கல்யாண மண்டபம் கட்டியது, அதற்குக் குளிர்சாதனம் போட்டது எல்லாம் வந்தது. அய்யனார் எழுந்து, தன்னை அறிமுகம் செய்த கஸ்பாரின் அரிய குணங்களைப் பற்றிப் பேசினார். அதிலேயே அவருக்கு ஒதுக்கிய நேரம் போய்விட்டதால், “பேச்சாளரைப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல” என்று முடித்துக்கொண்டார். யாருக்கும் தெரியவில்லை. கைதட்டினார்கள்.

பிறகு மன்றத் தலைவர் பொன்னுத்துரை தலைமையுரைக்கு எழுந்தார். கழுத்தில் பித்தளைப் பதக்கம் கோத்த பட்டை. அவர் பேசினால் ஒலிபெருக்கிக்கே மரியாதை வரும்.

“பெருமக்களே, ஆராய்ச்சி என்றால் என்ன? ஆராய்வதுதான் ஆராய்ச்சி” என்று ஆரம்பித்தார். “நான் முப்பது வருஷமா ஒரே ஆலையில இருக்கேன். அங்க ஒரு வால்வு இருக்கு. அது எதுக்குன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. எனக்கு முன்னாடி இருந்தவரும் கேட்டதில்ல. அதனாலதான் ஆலை நிக்காம ஓடுது. இளைஞர்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். கேள்வி கேளுங்க. கேட்டுக்கிட்டே இருங்க.”

கைதட்டல் அடங்குவதற்குள் பிரியாணியின் தம் உடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. எண்பது தலைகளும் ஒருசேரக் கதவுப் பக்கம் திரும்பின. அந்த நேரம் பார்த்து அன்புக்கரசியைப் பேசக் கூப்பிட்டார்கள்.

கால் மணி நேரம் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். மேடையேறும்போது கஸ்பார் காதருகே, “பத்து நிமிஷம்மா” என்றார். திரையில் தலைப்பு வந்ததும், “அஞ்சு” என்று விரலைக் காட்டினார். அன்புக்கரசி வேகமாகப் பேசினாள். புளியங்கொட்டை, பசை, கிளிசரின், பூ வாடாமல் தாங்கியது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. ஒருத்தர் பார்த்தார். அவரும் திரைக்குப் பக்கத்துக் கதவில் சமையல்காரர் எட்டிப் பார்ப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது பேர் முன்னால் நிற்கிறோம், ஆய்வகத்தில் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இவ்வளவு தனியாகத் தெரியவில்லையே என்று நினைத்தாள். தட்டுகளாவது அவள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

“இது மண்ணுல போட்டா மக்கிரும் சார். மாடு தின்னாலும் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி, டப்பாவைத் திறந்து ஒரு படலத்தை எடுத்துக் காட்டினாள்.

பொன்னுத்துரை கையை நீட்டினார். அவள் சந்தோஷமாகக் கொடுத்தாள். முதல் தடவையாக ஒருத்தர் கையில் வாங்கிப் பார்க்கிறார். அவர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு இரண்டாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சார், அது லேப் கிளிசரின்.”

“மாடு திங்கலாம், மன்றத் தலைவர் திங்கக் கூடாதா?” என்றார் பொன்னுத்துரை மென்றுகொண்டே. சபை ஆர்ப்பரித்தது. “அருமையா இருக்கு. உப்பு கொஞ்சம் சேத்தா வடகம் மாதிரி விக்கலாம்.”

நேரம் முடிந்தது என்று கஸ்பார் மணியடித்தார். அடுத்து கேள்வி நேரம்.

முதல் கேள்வி மூத்த உறுப்பினர் ஒருவருக்கு. போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “புளியங்கொட்டையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? பதில், இங்கே மலிவாகக் கிடைக்கிறது, பசைத்தன்மை அதிகம்” என்று ஒரே மூச்சில் வாசித்து முடித்து உட்கார்ந்தார். அன்புக்கரசி வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். “நன்றி சார்” என்றாள். இரண்டாவது கேள்வி கல்யாண மண்டபம் அய்யனாருக்கு. அவரும் கேட்டுப் பதிலும் சொல்லி, பதில் தனக்குத் திருப்தியாக இருப்பதாகவும் சொன்னார்.

மூன்றாவதாகச் சோலைமலை எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். துணைவியார் மேஜையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அன்புக்கரசி ஒலிபெருக்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் படலம் சில நாட்களில் நடுவிலிருந்து விரிசல் விடுவது,” என்று நிறுத்தி, வலது கையை மெதுவாக மேலே தூக்கி, “ஏன்?” என்றார். நன்றாகத்தான் கேட்டார். சோலைமலை தொடர்ந்தார். “பதில். ஆம். நன்றி.”

காலியாகக் கிடந்த இடத்தைக் கஸ்பார் அப்படி நிரப்பி வைத்திருந்தார்.

கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அன்புக்கரசி இதோடு இறங்கிவிட்டிருந்தால் பிரியாணி சூடாகவே பரிமாறப்பட்டிருக்கும்.

“சார், அது பதில் இல்ல சார்” என்றாள். “எனக்குப் பதில் தெரியாது. அஞ்சு மாசமா மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டிருக்கேன். இம்புட்டுப் பேரு இருக்கீங்களே, உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமான்னு கேக்கத்தான் சார் நான் வந்தேன்.”

பேராசிரியர் முருகேசன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். கஸ்பார் எழுந்து, சட்டதிட்டப்படி உறுப்பினர்கள் பேச்சாளரைக் கேட்கலாமே தவிர, பேச்சாளர் உறுப்பினர்களைக் கேட்பதற்கு வழியில்லை என்று சுட்டிக்காட்டினார். பின்வரிசையில் ஒருவர், இது கேள்வியா, கோரிக்கையா, கோரிக்கை என்றால் செயற்குழுவுக்குப் போக வேண்டாமா என்று கேட்டார். ஒருவர் மெதுவாக, “அது என்னமோ காயும்போது...” என்று ஆரம்பித்தார். அன்புக்கரசி அவர் பக்கம் ஓடிவிடுவாள் போலத் திரும்பினாள். எல்லாரும் அவரையே பார்த்ததும் அவர், “எனக்கு மறந்துபோச்சு, நான் இப்ப பாலிசி போடுறேன்” என்று உட்கார்ந்துவிட்டார்.

முன்னாள் தலைவர் என்ற முறையில் அய்யனார் நிலைமையைக் காப்பாற்ற எழுந்தார். “மண்டபம் கட்டுறதுக்கு முன்னாடி நானும் ஆலையில இருந்தவன்தாம்மா. விரிசல்னு ரிப்போர்ட் வந்தா, ரிப்போர்ட்ட மாத்தி எழுதச் சொல்லுவோம். விரிசல் தானா போயிரும். அனுபவத்துல சொல்றேன்.”

பேராசிரியர் முருகேசன் நிமிர்ந்து, ஆமாம் என்று தலையாட்டினார்.

சமையல்காரர் நேரடியாகவே ஹாலுக்குள் வந்து, “சார், ஆறுது” என்றார். பொன்னுத்துரை எழுந்தார். பதக்கத்தை நேராக்கிக்கொண்டார்.

“இந்த மன்றத்துல இருந்து ஒரு கேள்வி பதில் இல்லாம வெளிய போனதா வரலாறு இல்ல. என் தலைமையில அந்தக் களங்கம் வராது. ஆகவே, பதில் கிடைத்ததாகக் கருதப்படும்” என்று அறிவித்து மணியை அடித்தார். சிறந்த கேள்விக்கான பரிசாகச் சுவர்க் கடிகாரம் ஒன்றைச் சோலைமலைக்குக் கொடுத்தார்கள். படம் எடுக்கும்போது அன்புக்கரசியையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பேராசிரியர் முருகேசன் எங்கிருந்தோ வந்து நடுவில் நின்றுகொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் அவள் தட்டோடு நின்றாள். டப்பாவைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கை கழுவிக்கொண்டிருந்த சோலைமலையிடம் போய், “சார், ரெண்டு நாளா அதையே நினைச்சுக்கிட்டிருந்தீங்களாமே. உங்களுக்கு ஏதாவது தோணுச்சா சார்?” என்று கேட்டுப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைக் கீழே வைக்காமலே, “நீ நல்லா எழுதியிருந்தம்மா. சின்னதா, கேக்கத் தோதா இருந்துச்சு. அடுத்த வருஷமும் எழுதிக் குடு” என்றார். மனசாரத்தான் சொன்னார். இன்னொருவர் அவளை பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார். மேஜைக்கு மேஜை சிரிப்பும் பேச்சும். துணைவியார் மேஜையில் எல்லாரும் ஜோடியாகக் கிளம்பிப் போய், அவள் மட்டும் கடைசி நாற்காலியில் இருந்து சாப்பிட்டாள். பிரியாணி நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அம்மா போன் செய்தாள். “சாப்டியாத்தா? எல்லாரும் நல்லாக் கேட்டாகளா?”

“கேட்டாங்கம்மா. பதிலையும் அவங்களே சொல்லிட்டாங்க.”

“பெரிய மனுசங்கல்ல” என்றாள் அம்மா நிறைவாக. அன்புக்கரசி போனை வைத்துவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் போய் முகத்தைக் கழுவினாள். அழுதது தெரியக் கூடாது என்பதற்காக இல்லை, தெரிந்துகொள்ள அங்கே யாரும் இல்லை. சும்மா கழுவினாள்.

அடுத்த மாதம் மன்றத்தின் செய்திமடல் இணையத்தில் வந்தது. சோலைமலையும் கடிகாரமும் முதல் பக்கத்தில். கீழே, ‘படலத்தில் ஏற்படும் விரிசலுக்கான காரணத்தை மாணவி அன்புக்கரசி விரிவாக விளக்கினார். உறுப்பினர்கள் ஐயம் தெளிந்தனர்’ என்று போட்டிருந்தார்கள். அவள் கஸ்பாருக்குப் போன் போட்டாள்.

“சார், நான் எதையுமே விளக்கலையே சார். மாத்திப் போடுங்க.”

“எப்படிம்மா மாத்துறது? கூட்ட நடவடிக்கைய எல்லாரும் கை தூக்கி ஏத்துக்கிட்டாச்சு. இனிமே நீ விளக்கலைன்னு சொல்லணும்னா ஒரு மெம்பர் தீர்மானம் கொண்டு வரணும். நீ ஸ்பௌஸ்ல வந்த பிள்ள. அதுக்கு வழியில்லயேம்மா.”

இப்படியாக விரிசலின் காரணம் திண்டுக்கல் வழியாக உலகத்துக்கே தெரிந்துவிட்டது, அன்புக்கரசியைத் தவிர. ஆய்வகத்தில் தட்டுகள் பழையபடி நடுவில் இருந்து விரிந்துகொண்டிருந்தன. அவள் அவற்றோடு பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, மத்தியான வேளையில், தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. சின்னப் பெண்ணின் குரல்.

“அன்புக்கரசி அக்காவா? என் பேரு தாஹிரா. திருச்சியில கெமிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். உங்க மன்றத்து மேகசின்ல பாத்தேன்கா. உங்க காலேஜ் ஆபீஸ்ல கெஞ்சி நம்பர் வாங்குனேன். நானும் புளியங்கொட்டைதான் பண்றேன். விரிசல் விட்டுக்கிட்டே இருக்கு. நீங்க காரணத்த விளக்குனீங்களாமே. எனக்கும் சொல்றீங்களா?”

அன்புக்கரசிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. யாரோ எழுதின பொய்க்கு அவள் வெட்கப்பட வேண்டியிருந்தது.

“இல்லம்மா. அது அவங்களா போட்டுக்கிட்டது. எனக்குக் காரணம் தெரியாது.”

தாஹிரா போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தாள். வைத்துவிட்டுப் போகட்டும், வழக்கம்தானே.

“அப்ப உங்களுதும் இன்னும் விரியுதாக்கா?” என்று கேட்டாள் தாஹிரா. குரலில் அப்படியொரு நிம்மதி.

“விரியுது. நடுவுலருந்து.”

“நடுவுலருந்தா? எனக்கு ஓரத்துலருந்துல்ல விரியுது.”

அன்புக்கரசி அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “ஓரத்துலருந்தா? எதுல ஊத்திக் காயவைக்கிற?”

“நீங்க மொதல்ல சொல்லுங்கக்கா. மாவு காய்ச்சுறதுலருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அன்புக்கரசி சொல்ல ஆரம்பித்தாள். மாவை எந்தச் சூட்டில் காய்ச்சுவது, கட்டி தட்டாமல் எப்படிக் கிண்டுவது, கிளிசரின் எப்போது சேர்ப்பது. தாஹிரா ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தாள். அவசரப்படுத்தவில்லை. காயவைப்பது வெயிலோ நிழலோ, அதற்கு முன்னால் பசையைச் சூட்டோடு கண்ணாடித் தட்டில் ஊற்றி உடனே மின்விசிறிக்கு அடியில் வைத்துவிடுவேன் என்று இவள் சொன்ன இடத்தில் ‘ம்’ நின்றுபோனது.

“இருங்கக்கா, இருங்க. சூட்டோடயே ஃபேனுக்கு அடியிலயா? நீங்க பண்றது தப்புன்னு நினைக்கிறேன்.”

அன்புக்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாசத்தில் அவளிடம் ஒருத்தரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

“தப்புங்கிற?” என்றாள், பேனாவைத் தேடிக்கொண்டே. “எது தப்பு, சொல்லு.”